ஒரே வேம் பாக்கெட் எல்லா மண்ணுக்கும் ஒத்துவருமா? மேலூர்ப் பக்கத்து அனுபவமும் ஒரு கேள்வியும்

மேலூர்_செம்மண்:

எல்லாருக்கும் வணக்கம். மேலூருக்கு வடக்கே எனக்கு நாலு ஏக்கர் செம்மண். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் ஒரு போகம் நெல், விடாவிட்டால் கிணற்றை நம்பிக் கடலையும் சின்ன வெங்காயமும். மூன்று வருடமாக வெங்காயத்துக்கு வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் வாழும் பூஞ்சை, வாங்கிப் போடுகிறேன். கடையில் 'வேம்' என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். முதல் வருடம் வெங்காயம் நன்றாகத் திரண்டது. அடுத்த இரண்டு வருடமும் போட்ட பாத்தி எது, போடாத பாத்தி எது என்று எனக்கே தெரியவில்லை. பேரையூரில் கரிசல் வைத்திருக்கும் என் சித்தப்பா மகனும் அதே பாக்கெட்டை மக்காச்சோளத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்கிறான்.

ஆனால் என் மண்டையைக் குடைவது வேறு. வடக்கு வரப்பில் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. அப்பா காலத்துக்கும் முந்தியது. அதை ஒட்டி, வெயில் விழும் பக்கமாக இருக்கிற மூன்று பாத்தியில் எதுவுமே போடாமல் வெங்காயத் தாள் கரும்பச்சையாக நிற்கிறது. புளியமரத்தடியில் எதுவும் விளங்காது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாக நடக்கிறது. இதற்கும் பூஞ்சைக்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். நானும் இரண்டு வருடம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன் அண்ணே. அந்தக் காசுக்கு ஒரு வண்டி தொழு உரம் வாங்கிப் போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது.

நுண்ணோக்கி:

மேலூர் அண்ணனுக்கு வணக்கம். மதுரையில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி நான். நான்கு வருடமாக இந்தப் பூஞ்சைகளோடுதான் என் பொழுது போகிறது. பதில் எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அடியுரம் என்ன, எவ்வளவு? வெங்காயத்துக்கு முன்னால் அந்த நிலத்தில் என்ன பயிர் இருந்தது? அழுகலுக்கு மருந்து ஊற்றினீர்களா? முதல் வருடம் போடாத பாத்தி என்று ஒன்றாவது விட்டுவைத்தீர்களா?

மேலூர்_செம்மண்:

டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) ஏக்கருக்கு ஒரு மூட்டை. கடைசி இரண்டு வருடமும் வெங்காயத்துக்கு முன்னால் நெல். முதல் வருடம் தண்ணீர் திறக்கவில்லை, அதனால் அதற்கு முன்னால் கடலை. மருந்து, கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றினோம், இரண்டு வருடமாக. முதல் வருடம் எல்லாப் பாத்திக்கும் வேம் போட்டேன். போடாத பாத்தி என்று எதையும் விடவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நுண்ணோக்கி:

பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே.

இந்தப் பூஞ்சை வேருக்குள் பாதி, மண்ணில் பாதியாக வாழ்கிறது. வேரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளை மண்ணுக்குள் விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் இழுத்துவந்து செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி தான் தயாரித்த மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும். 4 முதல் 20 சதவீதம் வரை போகும் என்பது பொதுவான கணக்கு. கொழுப்பைக்கூட இந்தப் பூஞ்சையால் சொந்தமாக உருவாக்க முடியாது, செடியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது என்று 2017இல் தெரியவந்தது. வேர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்க்கை இல்லை.

சரி, ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போட்ட பிறகு செடிக்கு இந்தக் கூட்டாளி எதற்கு? மணிச்சத்து கைக்கெட்டும் தூரத்தில் கொட்டிக்கிடந்தால் செடி வாசலைச் சாத்திவிடும். கார்பெண்டசிம் அழுகல் பூஞ்சையை மட்டும் தேடிப்பிடித்து அடிப்பதில்லை, இதையும் சேர்த்து ஒடுக்கும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்திய நிலத்திலும் இது வெகுவாகக் குறைந்துபோகும். முதல் வருடம் முன்பயிர் கடலை. கடலை வேர் இந்தப் பூஞ்சைக்கு மிகப் பிடித்த வீடு. ஆகவே அந்த வருடம் வெங்காயத்தைத் திரள வைத்தது பாக்கெட்டா, கடலை விட்டுப்போன உங்கள் மண்ணின் சொந்தப் பூஞ்சையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

புளியமரத்துக்கு வருகிறேன். புளியும் இந்தப் பூஞ்சை குடியிருக்கும் மரம்தான். வரப்பில் தண்ணீர் நின்றதில்லை, ரோட்டவேட்டர் ஏறியதில்லை, மருந்து விழுந்ததில்லை. வயலில் நெல் நின்ற காலத்திலும் அந்த மரத்தின் வேரில் பூஞ்சை உயிரோடுதான் இருந்திருக்கும். பக்கத்துப் பாத்தியில் வெங்காயம் வைத்ததும் இழை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெங்காயத்தின் வேர் தடித்தது, வேர்த்தூவி மிகக் குறைவு. இந்தப் பூஞ்சையை அவ்வளவு நம்பியிருக்கும் பயிர் நம் பக்கத்தில் வேறு அதிகமில்லை.

மல்லிகைத்_தோட்டம்:

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது, ஆனால் கன்று என்னவோ ராமேஸ்வரத்துப் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. கடற்கரை மணலில் வேர்விட்ட கன்று. அதை எங்கள் செம்மண்ணில் நடுகிறோம். அப்படியானால் தங்கச்சிமடத்துப் பூஞ்சையும் கன்றோடு சேர்ந்து எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுகிறதா? வந்தால் நல்லதா கெட்டதா?

நுண்ணோக்கி:

அக்கா, இது அருமையான கேள்வி. வேரோடு வரும் கன்றில் பூஞ்சையும் வரத்தான் செய்யும். நட்ட பிறகு உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிற பூஞ்சைகளும் அதே வேருக்குள் இடம் தேடும். ஒரே வேரில் பல வகைப் பூஞ்சைகள் சேர்ந்து குடியிருப்பது சகஜம். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் செடியும் கணக்குப் பார்க்கும். அதிக மணிச்சத்து கொண்டுவரும் பூஞ்சைக்கு அதிக மாவுச்சத்து போகிறது என்று 2011இல் டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. தங்கச்சிமடத்து ஆள் உங்கள் மண்ணில் உழைத்தால் நிலைக்கும், இல்லாவிட்டால் உள்ளூர்க்காரன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். தேர்ந்தெடுக்க ஆள் இருந்தால்தானே தேர்வு. மண்ணில் ஒரே ஒரு வகைதான் மிச்சமிருக்கிறது என்றால் செடி என்ன செய்யும்?

வைகைக்கரை:

நானும் தாவரவியல் படித்தவன் என்பதால் ஒரு மாற்றுக் கருத்து. உள்ளூர்ப் பூஞ்சை, வெளியூர்ப் பூஞ்சை என்று பிரிப்பதற்கு என்ன ஆதாரம்? 2015இல் சயின்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் 1,014 வேர் மாதிரிகளை எடுத்து டி.என்.ஏ. பார்த்தார்கள். கிடைத்தது 246 வகை. அதில் 93 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருந்தது, மூன்றில் ஒரு பங்கு ஆறு கண்டங்களிலும் இருந்தது. நிலத்தில் வாழும் செடிகளில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதத்தின் வேரில் இருக்கிற பூஞ்சைக் கூட்டத்தில், பெயர் வைத்த இனங்களே முந்நூற்றுச் சொச்சம்தான். மேலூரிலும் அதே ஆள், பிரேசிலிலும் அதே ஆள் என்றால், பாக்கெட்டில் இருப்பதும் அதே ஆள்தானே?

நுண்ணோக்கி:

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த ஆய்வு ஆளை அடையாளம் காணப் பயன்படுத்திய மரபணுத் துண்டு மிக மெதுவாக மாறும் துண்டு. அதை வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் 'நெல்' என்ற ஒரே பெயரில் விழும். இரண்டும் நெல்தான். ஆனால் சமைத்துச் சாப்பிட்டவர் யாராவது இரண்டும் ஒன்று என்பார்களா?

இனத்துக்குள்ளே இருக்கிற வேறுபாட்டைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு வயலிலிருந்து, ஒரே இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு, அவற்றுக்குள் மரபு வேறுபாடு ஏராளம் என்றது. 2006இல் அடுத்த முடிவு வந்தது. அந்த வயலின் வெவ்வேறு பூஞ்சைகளைக் கொடுத்தபோது செடியின் வளர்ச்சியும் வெவ்வேறாக இருந்தது. பெயர் ஒன்று, வயல் ஒன்று, பலன் வேறு.

இதற்கும் மேலே போனது 2010இல் லொசான் பல்கலைக்கழகத்தின் இயன் சாண்டர்ஸ் குழு. ஒரே தாய்ப் பூஞ்சையின் தனித்தனி வித்துகளிலிருந்து (விதை போன்ற ஸ்போர்) பிள்ளைகளை வளர்த்து நெல்லில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குள்ளேயே நெல் வளர்ச்சியில் ஐந்து மடங்கு வரை வித்தியாசம் வந்தது. முதன்முதலில் படித்தபோது அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிறகு மரவள்ளி வயல்களிலும் இப்படிப்பட்ட வேறுபாட்டை அவர்கள் பார்த்தார்கள்.

எப்படி இது நடக்கிறது? நம் உடம்பில் பெரும்பாலும் ஒரு செல்லுக்கு ஒரு உட்கரு. இந்தப் பூஞ்சையின் இழைக்குள் தடுப்புச் சுவரே கிடையாது. நீண்ட குழாய் ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதந்துகொண்டே போகும். ஒரு வித்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். பல பூஞ்சைகளில் அத்தனை உட்கருவும் ஒரே சாடை. சிலவற்றில் மட்டும் இரண்டு வகை உட்கருக்கள் கலந்து இருக்கின்றன என்று 2016இல் உறுதிப்பட்டது. அப்படிப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வகையும் ஒரே விகிதத்தில் போய்ச் சேர்வதில்லை. இனச்சேர்க்கையை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படியும் இவ்வளவு வேறுபாட்டைச் சுமந்துகொண்டு 40 கோடி வருடத்துக்கும் மேலாக வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற இடத்துப் பாறையில், இன்றைக்கு நாம் பார்க்கும் அதே அமைப்பு பழைய தாவரத் திசுக்குள் கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 40 கோடியே 70 லட்சம் வருடம். அந்தத் தாவரத்துக்கு முறையான வேர்கூடக் கிடையாது.

வைகைக்கரை:

நெல் உவமை பொருந்துகிறது, ஏற்கிறேன். ஒரே வயலுக்குள் அவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பது எனக்குப் புதிது.

பாலமேடு_டீச்சர்:

படித்துக்கொண்டே வந்தேன். இதைக் கண்ணால் பார்க்கலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போன தை மாதம் செய்தேன்.

வெங்காய வேரைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் ஆடவிட்டுக் கழுவினோம். பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேரைச் சூடாக்கினால் சாறு எல்லாம் வெளியேறிக் கண்ணாடி போல ஆகிவிடும். (அந்தக் கரைசல் தோலை அரித்துவிடும். அதை நான் மட்டும்தான் கையாண்டேன், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்தேன்.) பிறகு சாயம். விலை கூடின சாயம் எதுவும் வேண்டாம். வெள்ளை வினிகரில் பேனா மையைச் சில சொட்டு விட்டு, அதில் வேரை மூன்று நான்கு நிமிடம் சூடாக்கி, வினிகர் கலந்த தண்ணீரில் அலசினோம்.

நுண்ணோக்கியில் வைத்தபோது முதலில் வெறும் கட்டம் கட்டமாக வேர்ச் செல்கள். சிலைடைக் கொஞ்சம் நகர்த்தியதும் நீல நூல் ஒன்று செல்களுக்கு இடையே நேராக ஓடியது. அங்கங்கே பலூன் மாதிரி ஊதிய பைகள், உள்ளே எண்ணெய்ச் சொட்டு. இன்னும் உள்ளே ஒரு செல்லுக்குள் முழுதாக ஒரு மரம் நின்றது. அடிமரம், கவடு, கிளை, கிளையின் நுனியில் மயிரிழைக் கிளை. ஒரு பையன், 'டீச்சர், எங்க ஊர் ஆலமரம் மாதிரி இருக்கு' என்றான். அந்தக் குட்டி மரத்தில்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம். அதற்குச் சில நாள்தான் ஆயுள். வாடினதும் பக்கத்துச் செல்லில் இன்னொன்று முளைக்கும்.

மேலூர் ஐயா, உங்கள் புளியமரத்துப் பாத்தி வேரையும் நெல் வயல் பாத்தி வேரையும் தனித்தனிப் பையில் கொண்டுவந்தால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

மேலூர்_செம்மண்:

கட்டாயம் கொண்டுவருகிறேன் டீச்சர்.

கரிசல்காட்டான்:

நான் முதலில் எழுதியது அவசரத்தில் எழுதியது. இப்போது ஒன்று கேட்கிறேன். பல வகை இருந்தால்தான் நல்லது என்கிறீர்கள். எனக்கு ஒரே பயிர், பருத்தி. அதற்கு நன்றாக வேலை செய்யும் ஒரு வகையைக் கண்டுபிடித்து அதை மட்டும் பெருக்கினால் போதாதா?

நுண்ணோக்கி:

போதாது அண்ணே. எல்லாப் பூஞ்சையும் ஒரே வேலை செய்வதில்லை. ஒரு குடும்பம் பெரும்பாலும் வேருக்குள்ளேயே பரவி, அழுகல் பூஞ்சைக்கு இடம் விடாமல் காக்கிறது. இன்னொரு குடும்பம் மண்ணில் நெடுந்தூரம் இழை விட்டு மணிச்சத்து கொண்டுவருகிறது. 2007இல் வந்த ஒரு பரிசோதனையில் இந்த இரண்டு குணமும் குடும்பவாரியாகப் பிரிந்தே தெரிந்தன, பல குடும்பங்களும் கலந்திருந்த இடத்தில் செடிகள் நன்றாக வளர்ந்தன. இதில் வருத்தமான விஷயம், மண்ணில் நெடுந்தூரம் போகிறதே அந்தக் குடும்பம், உழவைத் தாங்குவதில்லை. அறுந்த இழையிலிருந்து அதனால் எளிதில் முளைக்க முடியாது, வித்திலிருந்துதான் புதிதாகத் தொடங்க வேண்டும். ரோட்டவேட்டர் திரும்பத் திரும்ப ஓடும் நிலத்தில் கடைசியில் மிஞ்சுவது சட்டென்று வித்து விடும் சில முரட்டு வகைகள்தான். பாக்கெட்டில் வருவதும் பெரும்பாலும் அவற்றின் சொந்தக்காரர்களே, ஏனென்றால் தொட்டியில் வளர்க்கச் சுலபமானவை அவைதான். இருப்பதையே காசு கொடுத்து வாங்கிப் போட்டால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

காட்டுக்கும் இதே கதைதான். 1998இல் வான் டெர் ஹைடன் என்ற ஆய்வாளரின் குழு புல்வெளிச் செடிகளை வளர்த்து, மண்ணில் பூஞ்சை இனங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்த்தது, 14 இனங்கள் வரை. பூஞ்சை வகை கூடக் கூட, மேலே செடிகளின் வகையும் கூடியது, விளைச்சலும் கூடியது, மண்ணில் மிஞ்சிய மணிச்சத்து குறைந்தது. பூஞ்சை வகை குறைந்தால் ஒன்றிரண்டு செடி மட்டும் தழைத்து மற்றவை ஒடுங்கிப்போகும்.

மேலூர்_செம்மண்:

தங்கச்சி, இதைப் படித்ததும் எனக்கு அரிட்டாபட்டி மலை ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போகிற தூரம்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 எக்டேர். டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது எத்தனை ஊர் சேர்ந்து தெருவுக்கு வந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அங்கே பேசும்போதெல்லாம் ராஜாளியைப் பற்றிப் பேசினோம், சுனைகளைப் பற்றிப் பேசினோம், குடைவரைக் கோயிலைப் பற்றிப் பேசினோம். காலடி மண்ணுக்குள் இப்படி ஒரு உலகம் இருப்பது தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். மலையை உடைத்த பிறகு மேலே மரம் நட்டுத் தருகிறோம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த வேர்ப்பூஞ்சைக் கூட்டத்தை எங்கிருந்து கொண்டுவந்து நடுவார்கள்?

மல்லிகைத்_தோட்டம்:

நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டையும் 2025இல் அதே மாதிரி அறிவித்திருக்கிறார்கள். ஐந்து எக்டேர்கூட இல்லை. ஒரு சுள்ளி பொறுக்க மாட்டார்கள். அந்தக் காட்டு மண்ணில் கொஞ்சம் எடுத்து நம் தோட்டத்தில் போட்டால் எல்லா வகையும் வந்துவிடாதா?

நுண்ணோக்கி:

வேண்டாம் அக்கா. ஆளுக்கு ஒரு கூடை எடுத்தால் ஐந்து எக்டேர் எத்தனை நாள் தாங்கும்? சாமி காட்டில் கை வைக்காமல் பெரியவர்கள் காத்துவைத்ததை நாமும் அப்படியே விட்டுவிடுவோம். தேவையும் இல்லை. குலசாமிக்குப் பிடிமண் எடுத்துவந்து புதுக்கோயில் கட்டுவது போல, உங்கள் வரப்பிலேயே ஒரு பிடி மண் போதும், மீதியைச் சோளம் பார்த்துக்கொள்ளும்.

நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி ஆழத்துக்குக் குழி. அடியிலும் பக்கத்திலும் கறுப்புப் பாலிதீன் விரிப்பு. வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) வாங்க முடிந்தால் அது, இல்லாவிட்டால் நன்றாகக் கழுவி வெயிலில் காய்ந்த ஆற்றுமணல் கலந்த மண். மேலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், பாக்கெட்டுக்குப் பதிலாக உங்கள் வரப்பு மண்ணை நுண்ணிய வேர்த்துண்டுகளோடு பரப்புங்கள். அதன்மேல் மக்காச்சோளமோ நாட்டுச் சோளமோ விதையுங்கள். மணிச்சத்தைக் கையை இறுக்கிப் போடுங்கள். 60 நாள் கழித்துச் செடியை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தால் அதுவே உங்கள் வேம். வெங்காயம் நடும்போது பாத்தியின் பள்ளத்தில், வேர் தொடுகிற மாதிரி இடுங்கள். ஒரே மரத்தடி மண்ணாக இல்லாமல் வேம்பு, புளி, பழைய மேய்ச்சல் புல் என்று மூன்று நான்கு இடத்து மண்ணைக் கலப்பது நல்லது. சோளத்துக்குப் பிடிக்காத வகைகள் பெருகாமல் போகும், அது உண்மை. அதனால் குழியில் சோளத்தோடு கொஞ்சம் கடலையும் வெங்காயமும் ஊன்றிவிடுவேன் நான்.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கு இதைப் போட்டு வீணாக்காதீர்கள். அவை இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை.

கரிசல்காட்டான்:

வரப்பு மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு இருந்தால் அதையும் சேர்த்துத்தானே பெருக்குவோம்?

நுண்ணோக்கி:

ஆமாம் அண்ணே, அந்த ஆபத்து இருக்கிறது. வேரில் முடிச்சு பார்த்த நிலம், அழுகல் வந்த பாத்தி, இவற்றின் பக்கமே போகாதீர்கள். குழிச் சோளத்தின் வேரையும் அறுக்கும்போது பிடுங்கிப் பாருங்கள். வீக்கமோ முடிச்சோ தெரிந்தால் அந்தக் குழியை அப்படியே விட்டுவிடுங்கள், வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மல்லிகைத் தோட்டத்து அக்கா இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், மல்லிகைக்கு நூற்புழு பெரிய எதிரி.

மேலூர்_செம்மண்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பை வேரும் கொண்டுபோனேன். நெல் வயல் பாத்தி வேரில் அரை மணி நேரம் தேடி ஒரே இடத்தில் நீல நூல் கிடைத்தது. புளியமரத்துப் பாத்தி வேரில் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் குட்டி மரத்தை நானும் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

நேற்று கிணற்றடியில் குழி வெட்டியாயிற்று. புளியடி மண், மந்தை வேம்பின் அடிமண், கடலைக்காட்டு மேட்டுப் புல் மண், மூன்றும் ஒவ்வொரு கூடை. நாட்டுச் சோளம் ஊன்றியிருக்கிறேன், ஓரத்தில் கடலை. பாத்தியும் பிரித்துவிட்டேன். நாலு பாத்திக்குக் குழி மண், நாலு பாத்திக்குப் பாக்கெட், நாலு பாத்திக்கு ஒன்றும் இல்லை. டிஏபி எல்லாப் பாத்திக்கும் கால்வாசிதான். கார்பெண்டசிம் வாங்கவில்லை. அறுவடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டு இதே இடத்தில் எழுதுகிறேன்.

கரிசல்காட்டான்:

அண்ணே, மூன்று வகையையும் ஒரே வரிசையில் வைக்காமல் கலந்து வையுங்கள். கிணற்றுப் பக்கம் ஈரம் கூடுதலாக இருக்கும், கணக்குத் தப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மேலூர் வருகிறேன். எனக்கும் ஒரு குழி வெட்ட வேண்டும். அதற்கு உங்கள் மண் வேண்டாம், கரிசல் மண்ணை நானே எங்கள் ஊர் வரப்பில் எடுத்துக்கொள்கிறேன். குழி வெட்டிய அளவை மட்டும் நேரில் பார்த்துவிட்டுப் போகிறேன்.